டி.சி. கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் ஏதோ ஒரு மேல்நிலைப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டனூர், பள்ளத்தூர், புதுவயல் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ்ஸிலும் சைக்கிளிலும் வந்து படிக்கிறார்கள். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒருநாள் சாயங்காலம் மணி அடித்து ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தால் இரண்டு டயரும் கிழிக்கப்பட்டிருக்கின்றன. பின்சக்கரத்துக் கம்பிகள் வளைந்து கிடக்கின்றன. செய்தது யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவன் வகுப்பிலேயே, அவனுக்குப் பின் பெஞ்சில் உட்காரும் இரண்டு பேர்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹெச்.எம். அறைக்கு வெளியே இரண்டு பேரையும் முட்டி போட வைப்பார்கள். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்" என்பார்கள். மறுநாள் அப்பா வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் மகனை இரண்டு அறை அறைவார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா டி.சி.யைக் கிழிச்சுக் கையில கொடுத்துடுவேன்" என்ற எச்சரிக்கையோடு விவகாரம் முடியும். மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதி வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கடிதம் ஹெச்.எம். பெயருக்கு எழுதப்பட்டிருக்கும்!

சரி... அந்த சைக்கிள்?

அதைப் பற்றி யாரும் பேசவில்லை. சைக்கிளை இழந்தவன் தன் அப்பாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, கடையில் கடன் சொல்லி டயர் மாற்றுகிறான். அவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் செய்தார்கள் என்றும் அவனுக்குத் தெரியாது. நாளையும் அதே இருவர் பின் பெஞ்சில்தான் உட்காரப்போகிறார்கள், இப்போது அவன் மேல் கூடுதல் கோபத்தோடு. "இவனாலதான் எங்கப்பா என்னை அடிச்சாரு."

எல்லோரும் தண்டனை கொடுத்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். பாதிக்கப்பட்டவன் மட்டும் நடந்து போகிறான்.

ஒருபக்கக் கணக்கு

செட்டிநாட்டில் கணக்கு எழுதுவது என்பது ரத்தத்தில் ஊறிய விஷயம். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள் பேரேட்டில் ஒவ்வொரு காசையும் எழுதிவைத்தார்கள். பி.காம். முதல் வருடத்தில் முதலில் சொல்லித் தருவதும் அதுதான். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை சரியாக வராது.

பள்ளிக்கூடத் தண்டனை என்பது ஒருபக்கக் கணக்கு. தவறு செய்தவன் பெயரில் மட்டும் பதிவு விழுகிறது. இத்தனை அடி, இத்தனை நாள் சஸ்பெண்ட், இத்தனை ரூபாய் அபராதம். பாதிக்கப்பட்டவன் பெயரில் பக்கமே இல்லை. அவனுக்குச் சேரவேண்டியது எது, யார் தரவேண்டும், எப்போது தரவேண்டும் என்ற கேள்வியே எழுவதில்லை. அபராதம்கூடப் பள்ளிக்குத்தான் போகிறது, சைக்கிள்காரனுக்கு இல்லை.

மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் படித்திருப்பார்கள். தேர்க்காலில் கன்று அடிபட்டுச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நீதிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது என்று சொல்லித்தான் வளர்க்கப்படுகிறோம். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். மன்னன் தண்டனை கொடுத்ததும் பசுவுக்குக் கன்று திரும்பி வந்ததா? இல்லை. கதையில் சிவபெருமான் வந்து இரண்டு உயிர்களையும் எழுப்பிக் கொடுத்த பிறகுதான் அந்தப் பசுவின் துக்கம் தீர்ந்தது. தண்டனையை மனிதன் கொடுத்தான், சரிசெய்யும் வேலையைக் கடவுளிடம் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தில் அந்த வேலைக்கு யார் வருவார்?

சீரமைப்பு நீதி என்றால் என்ன?

இந்தக் குறையைச் சரிசெய்யப் பார்க்கும் வழிமுறைக்குத்தான் சீரமைப்பு நீதி என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிமையானது. வழக்கமான முறை மூன்று கேள்விகளைக் கேட்கிறது. எந்த விதி மீறப்பட்டது? மீறியவர் யார்? அவருக்கு என்ன தண்டனை? சீரமைப்பு நீதியும் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. யாருக்குப் பாதிப்பு? அவருக்கு இப்போது என்ன தேவை? அதைச் செய்துகொடுக்க வேண்டிய கடமை யாருக்கு? ஹோவர்ட் ஸேர் என்ற அமெரிக்க அறிஞர் 1990ல் வெளியிட்ட புத்தகம் இந்தக் கேள்விகளை உலகம் முழுக்கப் பரப்பியது.

நடைமுறையில் இது தொடங்கியதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். 1974ம் வருடம் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், எல்மைரா என்ற சிற்றூரில், இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். குற்றத்தையும் ஒப்புக்கொண்டார்கள். மார்க் யான்ட்ஸி என்ற நன்னடத்தை அதிகாரி, வழக்கத்துக்கு மாறாக, "இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன?" என்ற யோசனையை நீதிமன்றத்தில் வைத்தார். நீதிபதி சம்மதித்தார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, "நாங்கள்தான் செய்தோம்" என்று சொன்னார்கள். எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் பணத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த இருவரில் ஒருவர் பிற்காலத்தில் இதே துறையில் பணியாற்றினார்.

ஜெயிலுக்குப் போவதைவிட அந்தக் கதவுகளைத் தட்டுவது எளிதாக இருந்திருக்குமா? நிச்சயமாக இல்லை.

நியூசிலாந்து 1989ல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. சிறுவர் குற்றம் செய்தால் சிறுவன், அவன் குடும்பத்தார், பாதிக்கப்பட்டவர், போலீஸ் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குடும்பக் கூட்டம் வந்தது. அந்த மண்ணின் மாவோரி மக்களுடைய பழைய வழக்கத்தைப் பார்த்து உருவாக்கியது அது. 1994ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு பள்ளியில் இதே முறையை முயன்றார்கள். அங்கிருந்து பல நாட்டுப் பள்ளிகளுக்குப் பரவியது.

இதெல்லாம் நம்மூர் பஞ்சாயத்துதானே?

இந்த இடத்தில் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசித் தீர்ப்பது நம் ஊரில் இல்லாததா? இதை வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தர வேண்டுமா?

பாதி உண்மை. கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம், பேசினால் பத்து நிமிஷம் என்று எத்தனையோ வரப்புத் தகராறுகளும் பாகப்பிரிவினைகளும் இப்படித் தீர்ந்திருக்கின்றன. ஆனால் மறுபாதியும் உண்மை. அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், யார் கைகட்டி நின்றார்கள்? தீர்ப்பு சொன்னது எந்த சாதி? பெண்கள் பேசினார்களா? தீர்ப்பை ஏற்காத குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தார்களா, இல்லையா? காதலித்த குற்றத்துக்கு அபராதம் போட்டதும் இதே பஞ்சாயத்துதான். தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011 ஏப்ரலில், கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம், அதை ஈவிரக்கமின்றி ஒழிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது சும்மா இல்லை.

ஆகவே வித்தியாசத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டப்பஞ்சாயத்தில் அதிகாரம் உள்ளவர் தீர்ப்பு சொல்கிறார். சீரமைப்பு நீதியில் யாரும் தீர்ப்பு சொல்வதில்லை, நடத்துபவர் கேள்வி மட்டும் கேட்கிறார். கட்டப்பஞ்சாயத்துக்கு வந்தே ஆக வேண்டும். இங்கே பாதிக்கப்பட்டவர் "எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அத்தோடு நிறுத்த வேண்டும். அங்கே ஊர் மானம் முக்கியம். இங்கே பாதிக்கப்பட்டவரின் தேவை முக்கியம். அங்கே சட்டத்துக்கு மாற்றாக உட்காருகிறார்கள். இங்கே சட்டத்துக்குள் நின்று உட்கார வேண்டும்.

இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது பழைய மரத்தடிதான், பெயர்தான் புதிது.

நாங்குநேரி சொல்லும் பாடம்

இந்த விஷயம் ஏதோ பொழுதுபோக்குக்குப் பேசுவதல்ல என்பதற்கு நாங்குநேரி ஒன்றே போதும். 2023 ஆகஸ்ட் 9ம் தேதி இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பிளஸ் டூ படித்த தலித் மாணவன் ஒருவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். தமிழ்நாடே அதிர்ந்தது.

அந்த இரவுக்கு முன்னால் நடந்ததைக் கவனியுங்கள். பள்ளியில் சாதியைச் சொல்லி அவனைத் தொடர்ந்து தொல்லைப்படுத்தியிருக்கிறார்கள். தாங்க முடியாமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, புகார் கொடுத்தார்கள். புகார் கொடுத்ததற்குப் பழிவாங்கத்தான் அன்று இரவு அரிவாள் வந்தது.

இந்த வழக்கில் "உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அது அயோக்கியத்தனம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், சிறார் நீதிச் சட்டம் எல்லாம் தன் வேலையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அரிவாள் வருவதற்கு முன்னால் எத்தனை நாட்கள் இருந்தன? முதல் கேலி, முதல் மிரட்டல், முதல் முறை அவன் வகுப்பில் தனியாக உட்கார்ந்த நாள். அப்போதெல்லாம் பெரியவர் ஒருவர், "உனக்கு என்ன நடக்கிறது? உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கும் ஏற்பாடு பள்ளியில் இருந்திருந்தால்? புகார் கொடுத்தவனுடைய பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்று அன்றே முடிவு செய்திருந்தால்?

சீரமைப்பு என்பது கடைசியில் போடும் கட்டு அல்ல. விரிசல் சின்னதாக இருக்கும்போதே பார்ப்பது.

அந்த மாணவன் மருத்துவமனையிலிருந்து மீண்டு, 2024ல் பிளஸ் டூவில் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தான். அவன் மன உறுதிக்குத் தலை வணங்கலாம். ஆனால் ஒரு மாணவன் இவ்வளவு உறுதியாக இருந்தால்தான் படிக்க முடியும் என்ற நிலை பள்ளிக்கு வெட்கம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளி நல அலுவலர்கள் வேண்டும், ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்பு வேண்டும் என்று பல பரிந்துரைகள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் கயிற்றை அறுத்துவிடலாம், மனதில் கட்டியிருப்பதை எப்படி அறுப்பது? அதற்கு இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே உட்கார்ந்து, "நீ அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா?" என்று ஒருவன் சொல்ல, மற்றவன் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். எந்தப் பாடப்புத்தகமும் அந்த வேலையைச் செய்யாது.

துரத்திவிட்டால் எங்கே போவான்?

2022ல் மாணவர்கள் ஆசிரியர்களிடம் தவறாக நடந்துகொள்ளும் வீடியோக்கள் செல்போனில் பரவின. ஊரே கொதித்தது. ஒழுங்கீனமாக நடந்தால் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிப்பிடப்படும் என்று அந்த மே மாதம் கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆசிரியர்களின் வேதனை நியாயமானது. அவமானப்பட்ட ஆசிரியரும் பாதிக்கப்பட்டவர்தான், அவருக்கும் ஒரு பக்கம் பேரேட்டில் வேண்டும்.

ஆனால் டி.சி.யில் காரணம் எழுதி அனுப்பப்பட்ட பையனை அடுத்த பள்ளி சேர்த்துக்கொள்ளுமா? பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் துரத்தப்பட்டவன் காற்றில் கரைந்துவிட மாட்டான். அதே ஊரில், அதே டீக்கடையில், அதே தெருமுனையில்தான் நிற்பான். அவமானப்பட்ட ஆசிரியரும் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். பிரச்சனை தீரவில்லை. பள்ளிச் சுவருக்கு வெளியே போய்விட்டது, அவ்வளவுதான்.

சட்டமும் இந்தத் திசையில்தான் காட்டுகிறது. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை பள்ளியிலிருந்து நீக்கவும் கூடாது என்கிறது. 2015ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குற்றம் செய்த சிறுவனுக்கு ஆலோசனை, சமூக சேவை போன்ற வழிகளைத் தருகிறது. அடிக்கக் கூடாது, துரத்தக் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. சரி, அப்படியானால் என்னதான் செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் ஆசிரியர்கள் தவிக்கிறார்கள். "அடியாத மாடு படியாது" என்பதைக் கையிலிருந்து பிடுங்கியவர்கள், அந்தக் கையில் வேறு எதையும் கொடுக்கவில்லை.

தேர் ஓடியது, மனசு ஓடியதா?

பள்ளி மட்டுமல்ல, ஊருக்கும் இதே கணக்குத்தான். கோட்டையூர்க்காரர்களுக்கு தேவகோட்டை பக்கத்துக் கண்டதேவியைத் தெரியாமல் இருக்காது. அங்குள்ள சொர்ணமூர்த்தீஸ்வரர் கோவில் தேரின் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறு 1998ல் பெரிதாக வெடித்தது. தலித் மக்களுக்கும் வடம் பிடிக்க உரிமை வேண்டும் என்பது கோரிக்கை. நீதிமன்றம், பேச்சுவார்த்தை, போலீஸ் பாதுகாப்பு என்று வருடங்கள் ஓடின, தேர்தான் பல வருடம் ஓடவில்லை. கடைசியில் 2024 ஜூன் மாதம், நீதிமன்றத் தலையீட்டோடு, பெரும் போலீஸ் காவலோடு ஓடியது.

உரிமையை நிலைநாட்ட நீதிமன்றம் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்க ஆயிரக்கணக்கில் போலீஸ் தேவைப்பட்டால், வடத்தைப் பிடித்த கைகளுக்கு இடையில் இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தலித் குடியிருப்பைப் பிரித்து 1989ல் கட்டிய சுவர் அங்கே நின்றது. 2008 மே 6ம் தேதி மாவட்ட நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. சுவர் இடிந்தது, பகை இடியவில்லை. மோதல்கள் தொடர்ந்தன. அப்புறம் 2011 அக்டோபரில், அப்போதைய மாவட்ட போலீஸ் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நவம்பர் 10ம் தேதி தலித் மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் போய் வழிபட்டார்கள். இடிக்கும் இயந்திரம் மூன்று வருடங்களுக்கு முன் செய்யாததைப் பேச்சு செய்தது.

இதோடு எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. பிற்பாடு உத்தப்புரத்தில் மறுபடி உரசல் வந்தது, கோவில் விவகாரம் மீண்டும் உயர்நீதிமன்றம் வரை போனது. ஒருநாள் கையெழுத்துப் போட்டால் போதாது என்பதும் பாடம்தான். கணக்கை வருடா வருடம் எடுத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பழைய பாக்கி வட்டியோடு வந்து நிற்கும்.

எதிர்த்துக் கேட்பவர்களுக்கு

"இது தப்பு செய்தவனுக்குச் செல்லம் கொடுப்பது" என்பது முதல் எதிர்ப்பு. செல்லமா? முட்டி போட்டு நிற்கும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, மனதுக்குள் வாத்தியாரைத் திட்டிக்கொண்டு அரைமணி நேரத்தைக் கடத்திவிடலாம். தான் கெடுதல் செய்தவன் எதிரில் உட்கார்ந்து அவன் சொல்வதை முழுக்கக் கேட்பதுதான் கடினம்.

"ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே?" என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. எமிஸ் பதிவு, ரிசல்ட் நெருக்கடி என்று ஏற்கனவே தலைக்கு மேல் வேலை. இதையும் தூக்கி அவர்கள் தலையில் போட்டால் இன்னொரு ரெஜிஸ்டராகத்தான் முடியும். பயிற்சி பெற்ற ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும். சந்துரு குழு சொன்ன பள்ளி நல அலுவலருக்கு இதைவிட நல்ல வேலை எது?

"இது உண்மையிலேயே பலன் தருமா?" என்பது மூன்றாவது. மந்திரக்கோல் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் ராண்ட் நிறுவனம் நடத்திய ஆய்வு 2018ல் வெளியானது. இந்த முறையைக் கடைப்பிடித்த பள்ளிகளில் சஸ்பெண்ட் ஆகி வீணாகும் நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். அதேநேரம் 6 முதல் 8ம் வகுப்பு மாணவர்களின் படிப்பு மேம்படவில்லை, சற்றுச் சறுக்கவும் செய்தது. ஆகவே அரைகுறையாகச் செய்தால் வகுப்பு பாதிக்கும். செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

நான்காவது எதிர்ப்புதான் மிக முக்கியமானது. "இதைச் சாக்காக வைத்துப் பெரிய குற்றங்களை மூடி மறைத்தால்?" மறைக்கப் பார்ப்பார்கள், சந்தேகமே வேண்டாம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பயப்படும் நிர்வாகங்கள் எத்தனை! அதனால்தான் கோட்டை முதலிலேயே கிழித்துவிட வேண்டும். பாலியல் குற்றம் என்றால் 2012ம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் செய்தே தீர வேண்டும், தெரிந்தும் மறைப்பதே குற்றம். அங்கே வட்டமும் கிடையாது, சமரசமும் கிடையாது. சாதி வன்கொடுமைக்கும் அதேதான். பிள்ளைகள் 1098 என்ற எண்ணிலும், தமிழகக் கல்வித்துறையின் 14417 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம் என்பதை ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் எழுதிவைக்க வேண்டும்.

மறுபடி அந்த சைக்கிளுக்கு வருவோம்

இரண்டு டயர் கிழிந்த மறுநாள். பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியை முதலில் சைக்கிள்காரனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். "அவங்களை நேர்ல பார்த்துப் பேச உனக்குச் சம்மதமா? வேண்டாம்னா வேண்டாம்" என்கிறார். அவன் யோசித்துச் சரி என்கிறான். பிறகு மற்ற இருவரிடமும் தனித்தனியே பேசுகிறார். செய்ததை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கட்டம்.

சனிக்கிழமை காலை ஒரு காலி வகுப்பறை. மேஜை கிடையாது, நாற்காலிகள் வட்டமாக. மூன்று பையன்கள், மூன்று வீட்டிலிருந்தும் ஒருவர். யாரும் யாரையும் இடைமறிக்கக் கூடாது என்பது மட்டும் விதி. சைக்கிள்காரன் முதலில் பேசுகிறான். சைக்கிள் இல்லாததால் தங்கையை டியூஷனில் விட முடியாமல் போனது, அப்பாவிடம் திட்டு வாங்கியது, இனி யாரை நம்பி ஸ்டாண்டில் விடுவது என்ற பயம் எல்லாம் வெளியே வருகிறது. பின்பெஞ்சுக்காரன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டே, "நீ எங்கப்பா வேலையைச் சொல்லி எல்லார் முன்னாலயும் சிரிச்சல்ல..." என்கிறான். அறை அமைதியாகிறது. சைக்கிள்காரனுக்கு அது நினைவிலேயே இல்லை. அதற்காக டயரைக் கிழித்தது சரியாகிவிடாது. ஆனால் பேரேட்டில் இன்னொரு பதிவும் இருந்தது என்பது முதன்முறையாகத் தெரிகிறது.

முடிவை அவர்களே எழுதுகிறார்கள். அடுத்த இரண்டு சனிக்கிழமை சைக்கிள் கடையில் வேலைக்கு நின்று டயர், டியூப், கம்பிக்கான கூலியைக் கழிப்பது. அதுவரை இருவரில் ஒருவனுடைய சைக்கிளை அவனுக்குக் கொடுப்பது. கேலி செய்த வார்த்தைக்கு அவனும் வருத்தம் தெரிவிப்பது. ஒரு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து எல்லாம் நடந்ததா என்று பார்ப்பது. மன்னிப்புக் கடிதம் இந்த முறை ஹெச்.எம். பெயருக்கு இல்லை.

மூவரும் உயிர் நண்பர்களாகிவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. அது சினிமாவில் நடக்கும். பயமில்லாமல் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். அது போதும்.

கிழிந்ததை வைத்துக் காப்பாற்றிய ஊர்

கோட்டையூர் இரண்டு மனிதர்களால் பெயர் பெற்ற ஊர். ஒருவர் 1909ல் இங்கே பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார். 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கி, வறண்ட பூமியைக் கல்வி நகரமாக்கினார். கல்விக்கூடங்களுக்குப் பணம் போட்டால் அது செலவு இல்லை, முதலீடு என்று காட்டியவர். இன்னொருவர் ரோஜா முத்தையா. அடுத்தவர்கள் குப்பை என்று கழித்துக்கட்டிய பழைய புத்தகங்கள், பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்களை எல்லாம் கோட்டையூரில் உட்கார்ந்து சேர்த்தார். அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்புதான் 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஓரம் கிழிந்த தாளை அவர் தூக்கிப் போட்டிருந்தால் தமிழின் ஒரு பகுதி வரலாறே போயிருக்கும்.

கிழிந்த தாளுக்கே அவ்வளவு பொறுமை காட்டிய ஊரில், பதினாறு வயதுப் பையன் விஷயத்தில் மட்டும் டி.சி.யைக் கிழிக்க ஏன் இவ்வளவு அவசரம்?

தண்டனை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தண்டனையோடு கணக்கை மூடாதீர்கள் என்பதுதான் கோரிக்கை. அடுத்த முறை ஒரு பள்ளியில் ஏதாவது நடந்தால், "யார் செய்தது?" என்று கேட்டு முடித்ததும், ஹெச்.எம். இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். "யாருக்கு நடந்தது? அவனைக் கூப்பிடுங்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்போம்."